சிட்டு முழிக்காத பகல்

கால்நடை ஆஸ்பத்திரி வேலைக்குப் புதுசாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். பென்சன் வாங்குகிற வயசிலும் அது என்னை விட்டுப் போகவில்லை. அதனால் எழுதித் தருகிறேன். யாராவது வாசித்துவிடுங்கள். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு, பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

தரை கழுவுவது, கத்தி கத்தரியைக் கொதிக்க வைப்பது, முரட்டு மாட்டை ஓரம் நின்று பிடிப்பது எல்லாம் வேலையோடு வேலையாக உங்களுக்கு வந்துவிடும். அதை எழுதி என்ன ஆகப் போகிறது? மருந்து ஒன்று உடம்புக்குள் போன பிறகு, அது நாம் நினைத்தபடி நடக்காதபோது, மனுசர்கள் என்ன செய்கிறார்கள் என்று நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு பூனையைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் நாயின் கதை விளங்காது.

எண்பதுகளின் தொடக்கம். கோயிலைச் சுற்றியிருக்கிற தெரு ஒன்றிலிருந்து ஒரு டீச்சர் அம்மா துணிப்பைக்குள் பூனையை வைத்துக்கொண்டு வந்தார்கள். பூனைக்கு உடம்பு சுட்டிருக்கிறது. வீட்டில் காய்ச்சலுக்குப் போடுகிற மாத்திரையில் ஒரு துண்டு கிள்ளி, பாலில் கரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். விடிந்து பார்த்தால் பூனையின் முகம் வீங்கிக் கிடக்கிறது. உதட்டை நீக்கிப் பார்த்தார் டாக்டர். ஈறு சிவப்பாக இல்லை. காப்பித்தூள் நிறம்.

"பச்சப் பிள்ளைக்குக் குடுக்கிறதுல பாதிதான் சார் குடுத்தேன்" என்று டீச்சர் அம்மா அழுதார்கள்.

"டீச்சர், பூனை சின்னப் பிள்ளை இல்ல. அது பூனை" என்றார் எங்கள் டாக்டர்.

அவர் பெயரை எழுத மாட்டேன், அவருக்கு அது பிடிக்காது. கோபமாகச் சொல்லவில்லை. பூனையின் தலையைத் தடவிக்கொண்டேதான் சொன்னார். நாம் விழுங்குகிற மருந்தையெல்லாம் உடைத்து வெளியே அனுப்புவது ஈரல். அந்த வேலைக்கென்று ஈரலில் நொதிகள் இருக்கின்றன. மனுசனுக்கு இந்த மாத்திரையைக் கழிக்க நல்ல அகலமான வாசல் இருக்கிறது, பூனைக்கு அந்த வாசல் ஏறக்குறைய அடைத்தே கிடக்கிறது. போக வழியில்லாமல் மருந்து உள்ளேயே கெட்டு விஷமாகிறது. உருவம் சின்னது என்று அளவைப் பாதியாக்கினால் சரியாகிவிடாது. இப்படித்தான் எனக்கும் புரிகிற மாதிரி சொன்னார்.

அன்று மத்தியானமே பூனை இறந்துவிட்டது. டீச்சர் அம்மா அதே துணிப்பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இனி நாய்.

அதற்கடுத்த கோடையில் ஒரு நாள் காலை. வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறேன். உயரமான ஒரு ஆள், தோளின் மேல் ஆட்டுக்குட்டியைப் போடுகிற மாதிரி ஒரு கறுப்பு நாயைப் போட்டுக்கொண்டு வருகிறார். பேரையூர்ப் பக்கம் பருத்தி போடுகிற சம்சாரி, பேர் வேலுச்சாமி. பின்னாலேயே அவர் மகள் முத்துப்பேச்சி. அவளுக்குப் பின்னால், இரண்டு பெரிய ஜவுளிப் பைகளோடு மூச்சு வாங்கிக்கொண்டு வேலுச்சாமியின் அக்கா குருவம்மா. அந்த அம்மாவுக்கு வீடு ஆனையூரில்.

முத்துப்பேச்சிக்கு வருகிற வெள்ளிக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை வீடு சமயநல்லூர்ப் பக்கம். நாயும் அவளோடு போகப் போகிறது. அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. கன்னி நாய் என்று சொல்லுகிற அந்த வேட்டை நாயைப் பெண்ணுக்குச் சீரோடு சீராகக் கொடுத்தனுப்புவார்கள். போகிற வீட்டில் பெண்ணுக்குத் துணை. பேர் சிட்டு. கறுப்பு உடம்பு, இரண்டு கண்ணுக்கு மேலும் பொட்டு வைத்த மாதிரி செம்மண் நிறத்தில் இரண்டு புள்ளி. வயிறு முதுகோடு ஒட்டியிருக்கும். முந்தின நாள் நரியை விரட்டிப் போய் முள்கம்பி வேலியில் பாய்ந்து, விலாவில் தோல் பெரிசாகக் கிழிந்து தொங்கியது.

எங்கள் கம்பவுண்டர் வாய் சும்மா இருக்காது. "இது என்னண்ணே, நாயா ஏணியா?" என்றார்.

முத்துப்பேச்சி அவரைத் திரும்பிப் பார்த்தாள். "காயம் ஆறட்டும், ஓட விட்டுக் காட்டுறேன். ஏணியும் தெரியாது, நாயும் தெரியாது. புழுதிதான் தெரியும்."

"அம்மாடி! மாப்ள பாவம்யா" என்றார் கம்பவுண்டர். குருவம்மாகூடச் சிரித்துவிட்டார்கள். அதுவரைக்கும் யாருக்கும் பயம் இல்லை.

தைக்க வேண்டுமென்றால் மயக்க வேண்டும். டாக்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றி வழக்கம்போல என்னிடம் கொடுத்தார். நான் சேலை முந்தானையில் முடிந்துகொண்டேன். நாயைத் தராசில் நிறுத்தார்கள். மஞ்சள் நிறத்தில் ஒரு தூள் மருந்து அப்போது உண்டு. தண்ணீரில் கரைத்து முன்னங்கால் நரம்பில் ஏற்றுவது. எடைக்குத் தக்க அளவு. ஊசி பாதி இறங்குவதற்குள்ளேயே சிட்டு துணி மாதிரி சாய்ந்துவிட்டது. தைத்துக்கொண்டிருக்கும்போது காலை இழுத்தது. டாக்டர் இன்னும் கொஞ்சம் ஏற்றினார். அப்புறம் ஒரு தடவை முனகியது. இன்னும் கொஞ்சம். இதிலே ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. தெருநாய், நாட்டுநாய், பங்களாவில் வளர்க்கிற நாய் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் செய்வோம்.

மற்ற நாயென்றால் கடைசித் தையலுக்கு நூல் வெட்டும்போதே காதை ஆட்டும். கீழே இறக்கிச் சாக்கில் போட்டால் தலையைத் தூக்கும், போதை ஆள் மாதிரி நாலு பக்கமும் முழிக்கும்.

சிட்டு அசையவில்லை.

வேறு மாடுகள் வந்தன, ஆடுகள் வந்தன, டாக்டர் பார்த்து அனுப்பினார். ஒவ்வொன்றுக்கும் நடுவில் உள்ளே வந்து சிட்டுவைப் பார்த்துவிட்டுப் போனார். கண் ஓரத்தை விரலால் தொட்டால் இமை லேசாக அசையும், அவ்வளவுதான். என்னை நாயின் பக்கத்தில் உட்கார வைத்தார். கழுத்தை நீட்டி வை, நாக்கை வெளியே இழுத்து ஓரமாகப் போடு, ஒரே பக்கமாகக் கிடக்கவிடாமல் புரட்டிப் போட்டுக்கொண்டே இரு என்றார். அதைச் செய்துகொண்டிருந்தேன். எதிரில் முத்துப்பேச்சி உட்கார்ந்து ஒரு முன்னங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியது. வாசலில் வேடிக்கை பார்க்க ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். நாய் செத்துப்போச்சாம் என்று ஒருத்தன் சொல்வது உள்ளே கேட்டது. கம்பவுண்டர் அலமாரியைத் திறந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து வந்தார்.

"அய்யா, எழுப்புற ஊசி ஒண்ணு போட்டு விட்ருவமா? மூச்ச நல்லாத் தூக்கிக் குடுக்கும்."

டாக்டர் குனிந்தபடியே தொடையின் உள்பக்கம் நாடி பார்த்துக்கொண்டிருந்தார். "எம்புட்டுப் போடணும்?"

"வழக்கமாப் போடுற அளவுதானுங்க."

"காலையில நான் போட்டதும் வழக்கமாப் போடுற அளவுதான்."

கம்பவுண்டர் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூச்சு தானா வருது. ஈறு சிவப்பா இருக்கு. நாடி இருக்கு. ஒண்ண அளவு தெரியாமப் போட்டாச்சு. அதுக்கு மேல இன்னொண்ணயும் தெரியாமப் போட்டா, பெறகு எது எதக் கெடுத்துச்சுன்னுகூடக் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் குப்பிய உள்ள வையி."

ஒன்றும் செய்யாமல் இருப்பது எம்புட்டுக் கஷ்டம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஊசி ஒன்றைப் போட்டுவிட்டால் பார்க்கிறவர்களுக்குத் திருப்தி. டாக்டர் என்னமோ செய்கிறார் என்று இருக்கும். அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் நின்றவர்கள் பார்வையையெல்லாம் அவர் முதுகு வாங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப நாயும் நாயும் ஒண்ணு இல்லையாங்கய்யா?" என்று கம்பவுண்டர் மெதுவாகக் கேட்டார்.

"முயலும் முயலுமே ஒண்ணு இல்லய்யா. சில முயலு ஊமத்தை எலையத் தின்னுட்டுத் துள்ளிக்கிட்டுப் போகும். அந்த விஷத்த உடைக்கிற நொதி அது உடம்புல இருக்கு. பக்கத்துக் கூண்டு முயலுக்கு அது இருக்காது. அதையே நாம தின்னா சட்டையக் கிழிச்சுக்கிட்டுத் தெருவுல ஓட வேண்டியதுதான்."

"நம்ம ஆபீசு சூப்பிரண்டு ஒரு நாள் தின்னுருப்பாரு போல."

டாக்டர் லேசாகச் சிரித்தார். சிரித்த வாயோடே சொன்னார்: "அன்னைக்கு டீச்சர்கிட்டப் பெருசாச் சொன்னேன், பூனை சின்னப் பிள்ளை இல்லைன்னு. இன்னைக்கு இதத் தராசுல வச்சப்ப, நாயின்னு மட்டுந்தான் பாத்தேன். இது ஆரு, எந்த ஊரு, எதுக்குன்னு பிறந்த உடம்புன்னு பாக்கல."

பிறகு என்னைப் பார்த்து, "பாண்டியம்மா, அந்தக் கடிகாரத்த யாரு கேட்டாலும் காட்டாத. எனக்கும் காட்டாத. மணி பாத்தா கை சும்மா இருக்காது" என்றார்.

நாயின் காது நுனியும் பாதமும் குளிர்ந்திருந்தன. வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே நாய்க்குக் குளிர்கிறது. மயக்கத்தில் உடம்பு தன் சூட்டைக் காப்பாற்றிக்கொள்ளாது என்று சொல்லி, வெந்நீர் வைக்க அனுப்பினார். குளுக்கோஸ் ஏற்றுகிற கண்ணாடி பாட்டில் காலியானதைக் கழுவி வைத்திருப்போம். அதில் வெந்நீர் ஊற்றி, துணி சுற்றி, நாயின் அடிவயிற்றுக்கும் முதுகுக்கும் அண்டை கொடுப்பது. நான் பின்பக்கம் போய் ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். டாக்டரை அந்த நேரம் பார்த்து ஒரு எருமை மாட்டுக்காரர் வெளியே இழுத்துப் போய்விட்டார்.

பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தால், சிட்டு தொப்பலாக நனைந்து கிடக்கிறது. குருவம்மா கையில் சொம்பு. மேலே காற்றாடி வேகமாகச் சுற்றுகிறது. முத்துப்பேச்சி சாக்கால் வேறு விசிறிக்கொண்டிருந்தாள்.

"மூஞ்சியில தண்ணி அடிச்சா மயக்கம் தெளியும்ல. கல்யாண வீட்டுல, திருவிழாக் கூட்டத்துல எத்தன பேரத் தெளிய வச்சிருக்கேன்" என்றார்கள் குருவம்மா. பாசத்தில்தான் செய்தார்கள். நம் ஊரில் யார் மயங்கி விழுந்தாலும் முதலில் ஓடுவது சொம்புக்குத்தானே? நான் ஓடிப்போய்க் காற்றாடியை நிறுத்தினேன்.

டாக்டர் வந்தார், பார்த்தார். சத்தம் போடுவார் என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர் கைத்துண்டை எடுத்து நாயைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அம்மா, மயங்கி விழுந்த ஆளுக்கு நீங்க செஞ்சது சரி. இது மயங்கி விழல. நான் மயக்கினது. மருந்து உள்ள இருக்கு. ஈரல் அத உடைச்சாத்தான் இது எந்திரிக்கும். குளுந்துபோனா ஈரலும் சோம்பிப்போகும். நீங்க தண்ணி ஊத்த ஊத்த இதோட தூக்கம் கூடும்."

குருவம்மா சொம்பைக் கீழே வைத்தார்கள். அப்புறம் ஜவுளிப் பையில் ஒன்றை அவிழ்த்து, கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் உட்கார வாங்கியிருந்த புது ஜமுக்காளத்தை உருவி, மடிப்பைப் பல்லால் கடித்து நூலை அறுத்து, நாயின் மேல் போட்டுச் சுற்றினார்கள்.

"அத்தை, புதுசு அது" என்றாள் முத்துப்பேச்சி.

"தெரியும். வாய மூடிக்கிட்டு அந்தப் பக்கத்தப் பிடி."

ஈரம் காயக் காய, வெந்நீர் பாட்டிலை மாற்ற மாற்ற, வெயில் சுவரில் சாய்ந்தது. வேலுச்சாமி வெளியே, மாடுகளை நிறுத்தி ஊசி போடுகிற கம்பிக் கூண்டில் சாய்ந்து நின்றிருந்தார். காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. நான் அந்தப் பக்கம் போனபோது, "மணி எம்புட்டு இருக்கும் தாயி? பேரையூருக்குக் கடைசி பஸ்ஸு போயிரும்" என்றார். கடிகாரம் என் முந்தானையில் கனத்தது. "டாக்டரக் கேட்டுச் சொல்றேண்ணே" என்று நழுவிவிட்டேன்.

அவரே உள்ளே வந்தார். டாக்டர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, மகளுக்குக் கேட்காமல் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்.

"அய்யா, ஒரு ஒத்தாசை. செத்துப்போச்சுன்னா இங்கனயே வச்சுப் புதைச்சிருங்க. ஊருல நான் நாயி ஓடிப்போச்சுன்னு சொல்லிக்கிறேன். சம்பந்தகாரி கொஞ்சம் சகுனம் பாக்குற பொம்பள. சீரா வர வேண்டிய கன்னி நாயி கல்யாணத்துக்கு முந்தி செத்துச்சுன்னு தெரிஞ்சா, என் பிள்ளை போற எடத்துல அதுவே பேச்சாயிரும். ஒரு மாடு படுத்தாலும், ஒரு பானை உடைஞ்சாலும், வந்தவ ராசின்னு சொல்லிருவாக."

"ஓடிப்போற நாயாப்பா அது?" என்றாள் முத்துப்பேச்சி. கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "நான் கம்மாக்குப் போனா கம்மா வரைக்கும் வரும். மூணு ஊரு தள்ளிக் கல்யாணம் கட்டிக் குடுத்தாலும் கூட வரும். அது என்னய விட்டு ஓடிப்போச்சுன்னு சொல்லப்போறியா?"

வேலுச்சாமி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். யோசிக்கும்போது அப்படித்தான் செய்வார். அப்புறம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசினார். வாசலில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும்.

"இது இப்ப சாகல, தூங்குது. எப்ப முழிக்கும்னு கேட்டா, எனக்குத் தெரியாது. முழிக்குமான்னு கேட்டா, முழிக்கணும், ஆனா அதையும் சத்தியம் பண்ண மாட்டேன். மத்த நாய்க்குச் சரியா இருக்குற அளவு இதுக்கு அதிகமாயிருச்சு. போட்டது நான். சகுனமும் இல்ல, பொண்ணு ராசியும் இல்ல. அப்படி ஏதும் ஆயிருச்சுன்னா, நானே மாப்ள வீட்டுக்கு வாரேன். அவுக அம்மா முன்னாடி நின்னு, என் ஊசியில செத்துச்சுன்னு சொல்றேன். நீங்க எதையும் மறைக்க வேணாம்."

கம்பவுண்டர் பதறிப்போனார். "அய்யா, மேல தெரிஞ்சா உத்தியோகத்துக்கு..."

"தெரியட்டும்ய்யா. ஒரு பிள்ளை தலையில ஆயுசு பூராவும் கிடக்குறதுக்கு, என் தலையில கொஞ்ச நாள் கிடக்கட்டும்."

முத்துப்பேச்சி அவரையே பார்த்தாள். "நெசமாவே வருவீகளா?"

"வருவேன்."

"அப்ப வேட்டி சட்டை மாத்திட்டு வாங்க. இதுல பூராம் நாயி ரத்தம்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் உடைந்து அழுதுவிட்டாள். காலையிலிருந்து அதுதான் அவள் முதல் அழுகை. குருவம்மா அவள் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார்கள்.

கடைசி பஸ் போயிருக்கும். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வேலுச்சாமி வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு எனக்குப் பாட்டில் மாற்ற வந்துவிட்டார். நான் ஊற்ற, அவர் துணி சுற்ற, குருவம்மா வாங்கி அண்டை கொடுக்க, இப்படியே போனது.

ஒரு சமயம் பாட்டிலை வைத்துவிட்டுப் பார்க்கிறேன், நாயின் நாக்கைக் காணோம். நான் வெளியே இழுத்து ஓரமாகப் போட்டிருந்த நாக்கு. அது உள்ளே போயிருந்தது. நான் இழுக்கவில்லை, அதுவாக இழுத்துக்கொண்டது. "அய்யா, நாக்கு" என்றேன். டாக்டர் எட்டி வந்து கண் ஓரத்தைத் தொட்டார். இமை படக்கென்று மூடியது.

முத்துப்பேச்சி வாயைத் திறந்தாள். "கூப்பிடாத" என்றார் டாக்டர். "சத்தத்துல திடுக்குனு முழிச்சா உதறும், சுவத்துல முட்டும், தையலு பிரியும். அதுபாட்டுக்கு வரட்டும்." பகல் பூராவும் கூப்பிடத் துடித்த பிள்ளை, தாவணி நுனியைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

ஒரு காது. அப்புறம் இன்னொரு காது. அப்புறம் ஜமுக்காளத்துக்குள் உடம்பு பூராவும் வெடவெடவென்று நடுங்கியது. நாங்கள் பயந்தோம், டாக்டர் முகம் மட்டும் தெளிந்தது. நடுங்கினால் உடம்பு தானே சூடு தேடுகிறது என்று அர்த்தமாம். வெளியே தெருவிளக்கு எரியத் தொடங்கியபோது சிட்டு தலையைத் தூக்கி, யார் யார் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்து, முத்துப்பேச்சியிடம் வந்ததும் வாலை ஒரு தரம் தரையில் அடித்தது. எழுந்து, நாலு காலும் நாலு திசைக்குப் போக, ஜமுக்காளத்தை இழுத்துக்கொண்டே தள்ளாடி நடந்து, நேராகக் கம்பவுண்டர் பக்கத்தில் போய் நின்று, அவர் பாதத்தின் மேல் மூத்திரம் பெய்தது. நிற்காமல் பெய்துகொண்டே இருந்தது.

"அட, ஏணின்னு சொன்னதுக்கா?" என்று கத்தினார் அவர்.

"காலை நகட்டாதய்யா, போகட்டும்" என்றார் டாக்டர். "காலையிலிருந்து ஈரல் உடைச்சு உடைச்சு வச்சது, இப்பத்தான் வெளிய வருது."

வேலுச்சாமி சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. டாக்டர் என்னிடம் கையை நீட்டினார். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கடிகாரத்தைக் கொடுத்தேன். மணி பார்க்காமலே கட்டிக்கொண்டார்.

அன்றைக்கு அவர்கள் ஆனையூரில் குருவம்மா வீட்டில் தங்கினார்கள். வெள்ளிக்கிழமை கல்யாணம் நடந்தது. விலாவில் தையலோடே சிட்டு பெண்ணோடு போனது. டாக்டர் சொன்னபடி மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார், வேட்டி சட்டையில். மன்னிப்புக் கேட்க அல்ல, தையல் பிரிக்க. என்னையும் கூப்பிட்டார்கள், கூச்சத்தில் நான் போகவில்லை. சம்பந்தகார அம்மா டாக்டருக்கு இலை போட்டு, "ஒரு நாய்க்கு வைத்தியம் பாக்க டாக்டரே வீடு தேடி வந்தாரு, எம் மருமக வந்த நேரம்" என்று ஊர் பூராவும் சொன்னார்களாம். கம்பவுண்டர் வந்து அந்த அம்மா மாதிரியே பேசிக் காட்டினார்.

அதற்குப் பிறகு டாக்டர் தான் படித்த காலேஜில் போய்க் கேட்டு வந்தார். ஓடுவதற்கென்றே வளர்த்த ஒல்லி நாய்கள் வெளிநாட்டிலும் இப்படித்தான் தூங்குமாம். உடம்பில் கொழுப்பு இல்லாததால் மருந்து ஒதுங்க இடம் இல்லை, ஈரலும் அந்த மருந்தை மற்ற நாய்களை விட மெதுவாகத்தான் உடைக்கிறது. அது தெரிந்த பிறகு எங்கள் ஆஸ்பத்திரியில் எந்த உயிர் வந்தாலும், தராசுக்குக் கொண்டுபோகும் முன்னால் அவர் அதைச் சுற்றி ஒரு தரம் நடந்து பார்ப்பார். "ஆரு வந்துருக்கா?" என்று கேட்பார். கேலியாக இருக்கும். கேலி இல்லை.

இப்போது உங்களுக்கு நல்ல மருந்துகள் வந்துவிட்டன. அளவெல்லாம் புத்தகத்தில் இருக்கும். இருந்தாலும் மேசையில் படுத்திருக்கிற உயிர் அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு வரவில்லை. உங்கள் டாக்டர் சும்மா உட்கார்ந்திருந்தால், சும்மா இருக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நேரத்தில் அவருக்கு ஒரு கை வேண்டும். நாயைப் புரட்டிப் போட, வெந்நீர் வைக்க, வாசலில் நிற்கிறவர்களை மறித்து நிற்க. அது நம் வேலை.

சிட்டு தூங்கி முழித்து அஞ்சாறு வருசம் போயிருக்கும். ஒரு காலை நேரம், இடுப்பில் பிள்ளை, கையில் கயிறு, கயிற்றில் ஒரு கறுப்பு ஏணி. கண்ணுக்கு மேலே இரண்டு புள்ளி. முத்துப்பேச்சி சதை போட்டிருந்தாள், வாய் மட்டும் அப்படியே இருந்தது. நாய்க்குக் காலில் கண்ணாடி ஏறிச் சீழ் வைத்திருந்தது. மயக்கித்தான் எடுக்க வேண்டும்.

டாக்டருக்குத் தலை நரைத்திருந்தது. சுற்றி ஒரு தரம் நடந்தார். "ஆரு வந்துருக்கா? சிட்டு மகளா?"

"மகதான். இவளுக்கு அளவு தெரியுமாங்கய்யா?"

கம்பவுண்டர் தன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். டாக்டர் கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

"இப்பவும் முழுசாத் தெரியாது ஆத்தா. வேற மருந்து, கொஞ்சங் கொஞ்சமாப் போட்டுப் பாத்துக்கிட்டே போறேன். நேரமாகும். நீ பக்கத்துலயே இரு."

அவள் பிள்ளையை இறக்கிவிட்டு, தரையில் உட்கார்ந்து, நாயின் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டாள். நான் அதற்குள் பின்பக்கம் போய் ஸ்டவ்வைப் பற்றவைத்திருந்தேன்.